கண்ணாடிக் குழாயில் இருந்தவன்

ஐம்பது வயது தாண்டியபின் மாசிலாமணி மாணவரானார்.

தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் சிறுநீரகப் பிரிவில் அறுவை மருத்துவர் அவர். கைராசிக்காரர் என்று பெயர். மூத்திரப்பையைத் திறப்பதும் தைப்பதுமாகப் பாதி ஆயுள் போயிருந்தது. ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே, இது எப்படி நிறைகிறது, நிறையும்வரை எப்படிப் பொறுத்திருக்கிறது என்று தனக்குச் சரியாகத் தெரியாது என அவருக்குப் பட்டது. கையுறையைக் கழற்றியவர் நேராகத் தரைத்தளத்துக்குப் போனார். அங்கே தசைகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த பேராசிரியர் நபீசாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்துகொண்டார்.

நபீசா அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். தலை நரைத்த சிஷ்யர் "மேடம்" என்பார். நரைக்காத குரு "டாக்டர்" என்பார்.

நபீசாவுக்குப் பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் எழுந்து போய் எதையாவது செய்வார். செய்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டால் உண்டு. புரியவில்லை என்றால், மறுநாள் வேறொன்று செய்வார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் உடம்பின் சூட்டில் உப்புநீர். அதில் கீழிருந்து மேலே ஓயாமல் குமிழிகள். ஒவ்வொரு குழாயிலும் தீக்குச்சியில் பாதி அளவுக்கு ஒரு தசைத் துண்டு, நூலில் கட்டித் தொங்கும். துண்டு இறுகினால் நூல் இழுபடும். நூல் இழுபட்டால் திரையில் ஒரு கோடு ஏறும். தளர்ந்தால் இறங்கும். அவ்வளவுதான்.

புதிதாக வருபவர்கள் அங்கே அதிக நேரம் நிற்க மாட்டார்கள். எங்கோ அறுத்து எடுத்த ஒன்று, கேட்பாரில்லாமல், தானாக மூச்சு வாங்குவதுபோல் இருக்கும்.

மாசிலாமணி சேர்ந்த புதிதில் கேட்டார்: "நரம்பெல்லாம் அறுத்தாச்சு. மிச்சம் ஒட்டியிருக்கிற நரம்பையும் மருந்து போட்டு மரக்க வச்சாச்சு. பிறகு யார் சொல்லி மேடம் இது இறுகுது?"

நபீசா எழுந்து போய்க் குழாயில் நீரை மாற்றினார்.

அடுத்த வருஷம் பூவுலிங்கம் நோயாளியாக வந்து சேர்ந்தார்.

செம்மணல் தேரியை ஒட்டிய ஊர். கிணற்று மோட்டார் பழுது பார்க்கிற தொழில். வற்றிப்போன ஒரு கிணற்றுக்குள் மோட்டாரைத் தூக்க இறங்கியபோது கயிறு நழுவி அடியில் விழுந்தார். முதுகெலும்பில் அடி. எழுந்து நிற்கிற அளவுக்குக் கால்கள் திரும்பின. மூத்திரம் மட்டும் அவர் சொல்லைக் கேட்கவில்லை. பை பாதி நிறைவதற்குள் இறுகிப் பீச்சிவிடும். வேட்டி நனையும். அப்படியும் முழுசாகக் காலியாகாது. நாளாவட்டத்தில் உள்ளே கல் கட்டியது. கல்லை எடுக்கத்தான் வார்டில் சேர்த்திருந்தார்கள்.

அறுவைக்கு முந்தைய நாள் மாசிலாமணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பூவுலிங்கத்தின் உதடுகள் வெடித்திருந்தன.

"தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாவ அய்யா," என்றாள் அவர் மனைவி பேச்சித்தாய். "சொன்னாக் கேக்கிறதில்ல."

"ஏன் பூவுலிங்கம்?"

பூவுலிங்கம் சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சாத்தான அவன் வருவான்."

"யாரு?"

"கிணத்துல இருந்து எங்கூட ஏறி வந்தவன்."

பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். இது அவளுக்குப் புதிதில்லை என்று தெரிந்தது.

"குழாயத் திறக்குத சத்தம் கேட்டா முழிச்சிக்கிடுவான்," என்றார் பூவுலிங்கம். அவர் குரலில் பதற்றம் இல்லை. கூடக் குடியிருப்பவனைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார். "வீட்டு வாசல்ல நின்னு பூட்டுல சாவியப் போட்டாப் போதும், வந்துருவான். குளுந்த தரையில கால் பட்டா வந்துருவான். வந்து ஒரு பிடி பிடிப்பாம் பாருங்க. வேற ஒருத்தன் உள்ள கையவிட்டுப் பிழியுத மாதிரி இருக்கும். நான் வேண்டாம் வேண்டாம்னு பல்லக் கடிப்பேன். பல்லக் கடிக்கக் கடிக்க அவனும் இறுக்குவான். அதான் பட்டினி போட்டுப் பாக்கேன்."

மாசிலாமணி ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்திருந்தார். பட்டினி அவனை ஒன்றும் செய்திருக்கவில்லை. சிறுநீரகங்கள் இரண்டும்தான் சோர்ந்து வந்தன.

"கல் எடுக்கும்போது தசையில ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கட்டுமா? ஆராய்ச்சிக்கு. உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா விட்டுரலாம்."

"எடுத்து என்ன செய்வீங்க?"

"கண்ணாடிக் குழாயில உயிரோட வச்சுப் பார்ப்போம்."

"வெட்டி எடுத்த பொறவும் உசிரு இருக்குமா?"

"ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்."

பூவுலிங்கம் வெகுநேரம் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிடுங்க. ஆனா எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும். அந்தத் துண்டு சும்மா கெடக்கா, இல்ல அதுவும் பிழியுதான்னு பாத்துச் சொல்லணும்."

"சொல்றேன்."

"சும்மா கெடந்துதுன்னா அவன் எனக்கு வெளிய நிக்கான். கோடாங்கி ஒருத்தரு சொல்லியிருக்காரு, கட்டி வச்சு ஓட்டிரலாம்னு. இந்த டியூபெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு அங்க போயிருவேன்."

"பிழிஞ்சா?"

"பிழிஞ்சா எஞ்சதையிலயே ஏறிட்டாம்னு அர்த்தம். பொறவு தண்ணிக்கும் எனக்கும் ஒறவே கெடையாது."

இரண்டு பதிலுமே அந்த மனிதரைக் கொல்லும் என்பது மாசிலாமணிக்குப் படி இறங்கும்போதுதான் உறைத்தது.

காலையில் அறுவை நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் துண்டைக் கொண்டுபோய்க் குழாயில் கட்டினார். நபீசா வகுப்பு எடுக்கப் போயிருந்தார். ஆய்வுக்கூடத்தில் அவரும் குமிழிச் சத்தமும்தான். வெளியே வெயில் கொளுத்தியது. மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக அது வெளிறிப்போய் உள்ளே வந்தது.

முதலில் துண்டு சும்மா கிடந்தது. திரையில் கோடு நேராக ஓடியது. மாசிலாமணி நரம்பை மரக்க வைக்கும் மருந்தைச் சேர்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கோடு ஏறியது.

சும்மா லேசாகத்தான். தூங்குகிறவன் புரண்டதுபோல. பிறகு இறங்கியது. பிறகு இன்னும் உயரமாக ஏறியது. குழாயில் நூல் விறைப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. துண்டு சுருங்கி, பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் விட்டது.

எத்தனையோ துண்டுகளை அவர் அப்படிப் பார்த்திருக்கிறார். ஆனால் அவற்றில் எதற்கும் பெயர் இருந்ததில்லை.

கையுறை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். திரும்பிப் பார்த்தால் கோடு உச்சியில் நின்றது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டார். சும்மா சோதிப்பதுபோல் இன்னொரு தடவை திரும்பினார். முதுகுக்குப் பின்னால் குமிழிச் சத்தம் சற்று மாறியதுபோல் இருந்தது. பார்த்தால் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் தொலைபேசி அடித்தது. வார்டிலிருந்து செவிலியர்.

"சார், பூவுலிங்கம் மூத்திர டியூப் ஓரமா நனைச்சிட்டாரு. இப்பத்தான். வலியில முறுக்குறாரு. உங்ககிட்ட ஒண்ணு கேட்டே ஆகணுமாம்."

"என்னவாம்?"

"'இப்ப அங்கயும் வந்தானா'ன்னு கேக்கச் சொல்றாரு சார்."

மாசிலாமணி குழாயைப் பார்த்தார். துண்டு இறுகியபடி இருந்தது.

"நான் வந்து பேசிக்கிறேன் சிஸ்டர்."

தொலைபேசியை வைத்தார். திரையை அணைத்தார். அணைத்த பிறகும் நூல் அசைவது தெரிந்தது. வெளியே தாழ்வாரத்துக்குப் போய் வெயில் விழும் இடமாகப் பார்த்து நின்றார். வகுப்பு முடிந்து வந்த நபீசா, கதவுக்கு வெளியே நின்ற தன் மாணவரைப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"பிழியுது மேடம்."

"எல்லாத் துண்டும்தான் கொஞ்சம் பிழியும்."

"இது ரொம்ப." மாசிலாமணி பூவுலிங்கம் சொன்னதையெல்லாம் சொன்னார். தொலைபேசி வந்ததையும் சொன்னார். சொல்லும்போது தன் குரல் தாழ்ந்துபோவது அவருக்கே கேட்டது. "அங்க அவருக்குப் பிடிச்ச அதே நேரத்துல இங்க இது ஏறிச்சு."

"தொலைபேசி அடிக்காதப்போ எத்தனை தடவை ஏறிச்சு?"

"எண்ணலை."

நபீசா உள்ளே போய்த் திரையைப் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாசிலாமணி வாசலிலேயே நின்றார்.

"துண்டு சும்மா கிடக்குன்னு சொல்லிடவா மேடம்? இல்ல... எது சொன்னாலும் வம்புதான். அது இதுன்னு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லி மழுப்பிடலாம்."

"அவர் கேள்வி நல்ல கேள்வி, டாக்டர். மழுப்ப வேண்டாம்."

"அப்ப என்ன சொல்ல?"

"நாளைக்குக் காலையில அவரைச் சக்கர நாற்காலியில கூட்டிட்டு வாங்க."

"இங்கயா?"

நபீசா துண்டைக் கொக்கியிலிருந்து கழற்றிக் குளிர்ந்த நீரில் போட்டார். அதிலிருந்து ஒரு நுனியை வெட்டி வேறொரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இருட்டறைப் பக்கம் போனார். அவ்வளவுதான் பதில்.

மறுநாள் பேச்சித்தாய் தள்ளிக்கொண்டு வந்தாள். பூவுலிங்கம் சலைன் பாட்டிலை மடியில் வைத்திருந்தார். சலைன் குழாயின் சின்னச் சக்கரத்தை யாரும் பார்க்காத நேரத்தில் திருகி மூடியிருந்தார். மாசிலாமணி குனிந்து அதைத் திறந்துவிட்டார்.

இரண்டு குழாய்கள் தயாராக இருந்தன. ஒன்றில் கோடு ஏறி ஏறி இறங்கியது. மற்றதில் நேராக ஓடியது.

"இதுல எது எந்துண்டுன்னு சொல்ல வேண்டாம்," என்றார் பூவுலிங்கம். இடப்பக்கக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைத் தானே தள்ளி அதன் அருகில் போனார். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார்.

"ஏலே," என்றார் மெதுவாக.

நூல் விறைத்தது.

பேச்சித்தாய் பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள். நபீசா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் சதையிலதான் இருக்கான்," என்றார் பூவுலிங்கம். "நெனச்சேன்."

"அந்தக் குழாயில இருக்கானா?" நபீசா வலப்பக்கத்தைக் காட்டினார்.

"அது யாரோடது?"

"வேற ஒருத்தரோடது. வேற வியாதிக்காக அறுத்தாங்க. நோய் தொடாத ஓரத்துல எடுத்தது. அவருக்கு இந்தத் தொந்தரவு ஒரு நாளும் இருந்ததில்ல."

பூவுலிங்கம் அதைப் பார்த்தார். துண்டு நீரில் சும்மா தொங்கியது. கோடு ஆடவில்லை.

"இல்ல. அதுல அவன் இல்ல. பாவம், அது சாது."

நபீசா குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குப்பி எடுத்தார். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு சொட்டு எடுத்து அந்தச் சாதுவான குழாயில் விட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குமிழிகள் ஏறின.

கொஞ்ச நேரத்தில் நேராக ஓடிய கோடு சிலிர்த்தது. மெல்ல ஒரு முண்டு எழுந்தது. அடுத்தது இன்னும் பெரிதாக. பிறகு அந்தத் துண்டு சுருங்கிச் சுருங்கி, பிடித்துப் பிடித்து, பக்கத்துக் குழாயில் இருப்பதைப் போலவே பிழிய ஆரம்பித்தது. இரண்டு நூல்களும் இழுபட்டன. ஒன்று விடும்போது மற்றது பிடித்தது.

பூவுலிங்கத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அங்க போயிட்டான்," என்றார். பிறகு தன் குழாயைப் பார்த்தார். "இங்கயும் இருக்கான். ரெண்டு எடத்துலயும் இருக்கான்."

"அய்யா, நாங்க வீட்டுக்குப் போயிருதோம்," என்றாள் பேச்சித்தாய்.

"நான் என்ன ஊத்தினேன்னு கேளுங்க," என்றார் நபீசா.

பூவுலிங்கம் கேட்கவில்லை. மாசிலாமணிதான் கேட்டார்.

"என்ன மேடம்?"

"செந்தேள் விஷத்துல இருந்து பிரிச்சு எடுத்த ஒரு பொருள்."

செந்தேள் என்றதும் பூவுலிங்கம் நிமிர்ந்தார். தேரிக்காட்டுக்காரருக்குச் செந்தேளைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"விசமா வந்து பிழியுது?"

"அதுக்குப் பிழியத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான். ஒரு வாசல்ல போய் உக்காந்துக்கும்."

"எந்த வாசல்?"

"வெளிய போற வாசல்."

பூவுலிங்கம் அவரையே பார்த்தார்.

"உள்ள யாரு வந்தா?"

"யாரும் வரலை."

"வராமயா இந்த ஆட்டம் ஆடுது?"

நபீசா எழுந்து இருட்டறைக் கதவைத் திறந்தார். "வாங்க. உங்களோடதையே பார்க்கலாம்."

மாசிலாமணி நாற்காலியைத் தள்ளினார். உள்ளே கறுப்புத் திரை. கதவைச் சாத்தியதும் பட்டப்பகல் அப்படியே அறுந்துபோனது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. பேச்சித்தாயின் வளையல் மட்டும் ஒரு தடவை சப்தித்தது.

நபீசா ஏதோ ஒரு விசையைத் தட்டினார். சின்னத் திரை ஒன்று மங்கலாக எழுந்தது. அதில் நீளமாக, இரு முனையும் கூர்ந்து, ஒரு நிழல் கிடந்தது.

"இது உங்க தசையில ஒரே ஒரு செல். நேத்து எடுத்த நுனியில இருந்து பிரிச்சது. கால்சியம் பட்டா ஒளிர்ற சாயம் ஏத்தியிருக்கு. கொஞ்சம் பாருங்க."

நிழல் அசையாமல் கிடந்தது. பிறகு அதன் ஓரத்தில் ஒரு புள்ளி மினுங்கி அணைந்தது. பிறகு வேறொரு இடத்தில். மறுபடி முதல் இடத்தில். தூரத்தில் யாரோ விளக்கை மூடி மூடிக் காட்டுவதுபோல் இருந்தது.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். அந்த மினுக்கங்களைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறார். இருட்டில், அந்த மினுக்கத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, பார்த்ததில்லை.

"இதுதானா அவன்?" பூவுலிங்கத்தின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஒவ்வொரு மினுக்கமும் ஒரு தட்டு," என்றார் நபீசா. இருட்டில் அவர் குரல் எந்தப் பக்கம் இருந்து வருகிறதென்று தெரியவில்லை. "செல்லோட தோல்ல சின்னச் சின்ன வாசல் இருக்கு. உள்ள இருந்து தட்டினா அது திறக்கும். பொட்டாசியம்னு ஒரு உப்பு அந்த வழியா வெளிய போகும். போனதும் தசை தளரும். இது நிக்காம நடக்கும். நடக்கிறவரைக்கும் பை அமைதியா நிறையும்."

"தட்டுதது தெரியுது. திறக்கலியே. அது பிழிஞ்சிக்கிட்டுல்ல இருக்கு."

"உங்களுக்கு அந்த வாசல் குறைஞ்சுபோச்சு. அடிபட்ட பிறகு அப்படி ஆகறதுண்டு. இருக்கிறதும் லேசில திறக்கிறதில்ல."

"எனக்குத் தேள் கொட்டலியே."

"தேள் ஒரு வகையில அடைக்கும். கிணறு ஒரு வகையில அடைச்சிருக்கு."

திரையில் மினுங்கியது. அணைந்தது. மினுங்கியது.

"மேடம்," என்றார் மாசிலாமணி. "போன வருஷம் ஒரு கேள்வி கேட்டேன். யார் சொல்லி இது இறுகுதுன்னு."

"இறுகறதுக்கு யாரும் சொல்ல வேண்டாம் டாக்டர். அது அதோட பழக்கம். தளர்றதுக்குத்தான் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

பூவுலிங்கம் நாற்காலியைத் திரைக்குக் கிட்டத் தள்ளிக்கொண்டார்.

"அம்மா," என்றார் பூவுலிங்கம். "தட்டுதது யாரு?"

"நீங்கதான்."

"நானா?"

"உள்ள வேற யாரும் இல்ல."

பூவுலிங்கம் அழுகிறார் என்பது மூச்சின் சத்தத்தில்தான் தெரிந்தது. மாசிலாமணி அவர் தோளைத் தேடிப் பிடித்தார். பூவுலிங்கம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பல மாதமாகத் தான் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தவனை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது கண் கூசியது. நபீசா இன்னொரு குப்பியை எடுத்தார். இது வாசலைத் திறக்கிற பொருள் என்றார். பூவுலிங்கத்தின் கையில் சொட்டுக்குழலைக் கொடுத்தார்.

"நானே விடவா?"

"உங்க துண்டு."

பேச்சித்தாய் பக்கத்தில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சொட்டு விழுந்தது. கோடு இன்னும் ஒரு தடவை ஏறியது. அடுத்த தடவை பாதிதான் ஏறியது. அதற்கடுத்து ஒரு சின்ன நெளிவு. பிறகு தண்ணீரில் துவைத்துப் போட்ட நூல்போல் துண்டு தொய்ந்தது. திரையில் கோடு இறங்கி, கிடந்தது.

பூவுலிங்கம் தன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அங்கே ஒன்றும் மாறியிருக்காது என்று மாசிலாமணிக்குத் தெரியும். ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.

"பேச்சி," என்றார். "குடிக்க ஏதாவது கொண்டாந்திருக்கியா?"

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாசிலாமணி அவருக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். அந்த வாசல்களைச் சுற்றுவழியில் திறக்கவைக்கிற மாத்திரை. நேரத்துக்கு நேரம் தானே டியூப் போட்டுப் பையைக் காலி செய்யப் பழகிக்கொண்டார் பூவுலிங்கம். சிறுநீரகங்கள் தேறின. முழுக்கச் சரியாகிவிடவில்லை. கிணற்றில் இறங்குவதை விட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற வேலையில் இருந்தார். மாதம் ஒருமுறை வரும்போது மாசிலாமணி கேட்பார், எப்படி இருக்கு என்று. "அப்பப்ப வருவான்," என்பார். "முன்ன மாதிரி பல்லக் கடிக்கிறதில்ல அய்யா. சரி, தட்டுதான்னு இருந்துக்கிடுவேன். கொஞ்சத்துல போயிருவான்." கோடாங்கியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதெல்லாம் பின்னால். இருட்டறையில் பார்த்த அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, மாசிலாமணி குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நபீசா சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மருந்து விட்ட துண்டு இன்னும் குழாயில் தொங்கியது. கோடு காலையில் கிடந்த மாதிரியே கிடந்தது.

பார்க்கப் பார்க்க மாசிலாமணிக்கு வேறொரு பயம் வந்தது. பிழிந்துகொண்டிருந்தபோது வந்த பயத்தைவிட இது ஆழமாக இருந்தது.

"மேடம், இது தளர்ந்து கிடக்கா, செத்துப்போச்சா?"

"ஏன்?"

"கோட்டைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

நபீசா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழாயில் இருந்த நீரை வடித்துவிட்டுப் புது நீர் நிரப்பினார். மறுபடி வடித்தார். மறுபடி நிரப்பினார். மருந்து முழுக்கப் போயிற்று. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. குமிழிகள் ஏறின. கோடு கிடந்தது. மாசிலாமணி தன்னையறியாமல் முன்னால் குனிந்தார். அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை.

நூல் லேசாக, மிக லேசாக, இழுபட்டது.

மாசிலாமணி மூச்சை விட்டார்.

"உயிர் இருக்கு."

"இன்னைக்கு இருக்கு. நாளைக்கு இருக்காது."

"நாளைக்கும் இதே மாதிரிதான் தொய்ஞ்சு கிடக்கும். அதே நேர்கோடு. ஒரு சத்தம் இருக்காது." அவர் குரல் தணிந்திருந்தது. "அப்ப அமைதின்னு நாம சொல்றதுக்கும் அதுக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

நபீசா குமிழி வரும் குழாயைக் கொஞ்சம் திருகிச் சரிசெய்தார். துண்டு நீரில் ஆடி நின்றது.

"வாசலைத் திறந்து பாருங்க," என்றார். "உயிர் இருக்கிறதுல அந்த உப்பு வெளிய போய்க்கிட்டே இருக்கும். செத்ததுல வெளிய போக ஒண்ணும் மிச்சம் இருக்காது."